ஐந்நூறு ரூபாயும் ஓர் ஒப்புதலும்



பெரிய அநீதிகளை எதிர்த்து நின்றவர்களின் வரலாறுகள் நமக்குப் பள்ளிப் பருவத்திலேயே பாடமாக வைக்கப்பட்டன. ஆனால், சிறிய அநீதி ஒன்று நம் வீட்டு வாயிற்படியில் வந்து நிற்கும்போது அதனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. அதனாலன்றோ, "போனால் போகிறது, கட்டித் தொலைப்போம்" என்னும் சொல் நம் குடும்பங்களில் அன்றாட வழக்காகிவிட்டது!

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியதாகக் கூறி ஓர் அபராதச் சீட்டு வருகிறது. அது நியாயமற்றதென்று நாம் உறுதியாக அறிந்திருக்கிறோம். அந்நிலையில் நாம் செய்யத்தக்கது யாது?

இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அறிந்தவர்க்கு இவ்வினாவின் அருமை எளிதில் விளங்கும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரு ஊர்களையும் கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை ஊடுருவிச் செல்கிறது. இராஜபாளையத்தில் நூற்பாலைகளின் ஷிப்டு மாறும் வேளையில் சாலையெங்கும் இருசக்கர வண்டிகளே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, தேரோடுவதற்கென்று அமைந்த ரத வீதிகளில் இன்று பேருந்தும் காரும் ஆட்டோவும் பால்கோவா வாங்க வந்தோரின் வண்டிகளும் ஒருங்கே நெருக்குகின்றன. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஊர் கொள்ளும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. மாட்டு வண்டிக்கும் கால்நடையாய்ச் செல்வோருக்கும் ஏற்ற அகலத்தில் உருவான தெருக்களில் ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகளை நிறுத்த இடம் தேடுகிறோம். அந்நெருக்கடியில் உண்மையான குற்றமும் நிகழும். குற்றமற்றவர்மேல் பழி விழுவதும் நிகழும்.

முதற் சீட்டுகளின் கதை

வண்டி நிறுத்திய குற்றத்திற்கு அபராதம் என்பது மோட்டார் யுகத்தின் குழந்தை. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், காசு போட்டால் குறித்த நேரம்வரை வண்டியை நிறுத்த இசைவளிக்கும் கருவி உலகில் முதன்முறையாக நாட்டப்பட்டது. அடுத்த மாதமே, அக்கருவியின் விதியை மீறியதாக முதன்முதலில் பிடிபட்டவர் கிறிஸ்தவப் போதகர் ஒருவர். "கருவியில் போடுவதற்குச் சில்லறை இல்லை, அதை மாற்றிவரவே கடைக்குள் சென்றேன்" என்று அவர் தம் பக்கத்தை எடுத்துரைத்தார். அவர்மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்று.

இலண்டன் மாநகரில் 1960ஆம் ஆண்டு செப்டம்பரில் போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளில் அபராதச் சீட்டை ஒட்டத் தொடங்கினர். முதற்சீட்டைப் பெற்றவர் ஒரு மருத்துவர். விடுதி ஒன்றில் மாரடைப்பால் துடித்த ஒருவருக்குச் சிகிச்சையளிக்கச் சென்ற வேளையில் அவருடைய காரில் இரண்டு பவுன் அபராதச் சீட்டு ஒட்டப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர், அபராதம் கைவிடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாம் வேடிக்கைக்காக நினைவுகூரவில்லை. சீட்டு எழுதுகிறவர் கண்ணுக்கு வண்டி மட்டுமே தெரிகிறது. அது அங்கு நின்றதற்கான காரணம் தெரிவதில்லை. அக்காரணத்தை எடுத்துச் சொல்லும் கடமை வண்டிக்கு உரியவரையே சார்ந்தது. அபராதச் சீட்டு என்பது ஒரு குற்றச்சாட்டு. அது தீர்ப்பு அன்று. இவ்வேறுபாட்டை உணராததே நம்மில் பலருடைய குறை.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இராஜபாளையத்தில் இருக்கிறது. குடும்பத்தலைவர் நூற்பாலைத் தொழிலாளி. ஒருநாள் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி ஒன்று வந்தது. மாவட்டத்தின் வேறொரு நகரில், காலை பத்தரை மணியளவில், தடைசெய்யப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தியதாகவும், ஐந்நூறு ரூபாய் செலுத்த வேண்டுமென்றும் அது அறிவித்தது. அந்நாளில் அந்நேரத்தில் அவர் காலை ஷிப்டில் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வண்டியோ ஆலையின் வண்டிக் கொட்டகையில் நின்றிருந்தது.

"இதற்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைய முடியுமா?" என்று அவர் எண்ணினார். அக்கம்பக்கத்தாரும், "கட்டாவிட்டால் வண்டியை விற்கும்போது தொல்லை வரும்" என்று அச்சுறுத்தினர். பணத்தைச் செலுத்திவிட்டார். அன்றிரவு அவருடைய மனைவி கேட்டார்: "ஐந்நூறு ரூபாய் போனால் போகட்டும். செய்யாத தப்பைச் செய்ததாக நீங்கள் ஏன் ஒத்துக்கொண்டீர்கள்?" அவரிடம் விடை இல்லை.

சில மாதங்கள் கழிந்தன. அதே நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. இம்முறை தொகை ஆயிரத்து ஐந்நூறு. முன்னர் ஒருமுறை குற்றம் செய்தவர் என்று பதிவாகியிருந்தமையால், இது இரண்டாம் குற்றமாகக் கணக்கிடப்பட்டிருந்தது! அதன் பின்னரே அவர் சீட்டுடன் இணைந்திருந்த புகைப்படத்தைத் திறந்து பார்த்தார். படத்திலிருந்த வண்டியின் நிறம் வேறு, எண்ணின் கடைசி இலக்கம் 3, அவருடையதோ 8. ஆலையின் வருகைப் பதிவேட்டு நகலையும், தம் வண்டியின் படத்தையும், பதிவுச் சான்றிதழையும் இணைத்து மனுக் கொடுத்தார். இரண்டாம் அபராதம் நீக்கப்பட்டது. முதலில் கட்டிய ஐந்நூறு ரூபாய் திரும்பவில்லை. தாமே முன்வந்து செலுத்தி முடித்த வழக்கு அது என்று விடை வந்தது.

அம்மனைவி கேட்ட கேள்வியே இக்கட்டுரையின் உயிர்நாடி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு, சில குற்றங்களை நீதிமன்றத்திற்குச் செல்லாமலே தொகை செலுத்தி முடித்துக்கொள்ள இடமளிக்கிறது. தொகையைச் செலுத்தியவர்மீது மேல் நடவடிக்கை இல்லை. குற்றம் செய்தவருக்கு இது ஒரு வசதி. காலமும் அலைச்சலும் மிச்சம். குற்றம் செய்யாதவருக்கோ, தம் கையாலேயே தம் வாயை அடைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். நாம் செலுத்துவது ஐந்நூறு ரூபாய் மட்டுமன்று. அதனோடு ஓர் ஒப்புதலையும் சேர்த்தே செலுத்துகிறோம்.

முதலில் நம்மை நாமே விசாரிப்போம்

ஆயினும், "எனக்கு வந்த அபராதம் அநியாயமானது" என்று சொல்வோர் அனைவரும் உண்மை சொல்வோர் அல்லர். பிறர்மேல் வழக்காடுமுன் நம் மனச்சான்றின் முன்னிலையில் நின்று விடை கூறுவது நன்று.

"அங்கே தடைப்பலகை ஏதுமில்லையே!" என்பதே நாம் மிகுதியாகக் கேட்கும் வாதம். இது சில இடங்களில் செல்லும். சில இடங்களில் செல்லாது. எவ்வெவ்விடங்களில் வண்டிகள் நிற்கலாம் என்பதை உள்ளாட்சி அமைப்பைக் கலந்து அரசோ அதன் அதிகாரம் பெற்றவரோ வகுக்கலாம் என்பது சட்டத்தின் 117ஆம் பிரிவு. அத்தகைய தடைக்குப் பலகை வேண்டும். அது கண்ணில் படும்படி இருக்கவும் வேண்டும். மரக்கிளை மறைத்த பலகையும், சுவரொட்டி மூடிய பலகையும் நம் வாதத்திற்கு வலுச்சேர்க்கும்.

ஆனால், 122ஆம் பிரிவு வேறு வகையானது. பொது இடத்தில் பிறர்க்கு ஆபத்தோ, இடையூறோ, மிகையான தொல்லையோ விளையும்படி வண்டியை நிறுத்துவதே குற்றம் என்கிறது அது. அதற்குப் பலகை தேவையில்லை. நடைபாதையின்மேல், பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோடுகளின்மேல், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, பள்ளியின் அல்லது மருத்துவமனையின் வாயிலில், நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில் மற்றொன்றாக — இவ்விடங்களிலெல்லாம் நிறுத்தலாகாது என்பதை 2017ஆம் ஆண்டின் வண்டி ஓட்டும் ஒழுங்குமுறைகள் வகுத்துரைக்கின்றன. "இரண்டே நிமிடந்தான் நிறுத்தினேன்" என்பது இங்கு விடையாகாது. அந்த இரண்டு நிமிடத்தில் நோயாளியைச் சுமந்துவரும் ஆம்புலன்சுக்கு வழி அடைபட்டால், நம் வசதிக்காக அவ்வுயிர் காத்திருக்க வேண்டியதாகும்.

ஆகவே, குற்றம் நம்முடையதெனத் தெளிந்தால் தயங்காமல் அபராதத்தைச் செலுத்துவோமாக. செலுத்தியதைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டா. குற்றம் நம்முடையதன்று எனத் தெளிந்தால் அடுத்த படிக்குச் செல்வோம்.

சீட்டினைப் படிக்கும் முறை

சீட்டைக் கையில் வாங்கியதும் சினம் வருவது இயல்பு. சினம் தணிந்தபின் அதனை வரிவரியாகப் படிக்க வேண்டும். வண்டியின் எண், நாள், நேரம், இடம், எப்பிரிவின்படி குற்றம், சீட்டை வழங்கியவர் யார், படம் உண்டா என்னும் ஏழினையும் நோக்குக. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டிகளுக்கு டிஎன் 84 என்றும், விருதுநகருக்கு டிஎன் 67 என்றும் தொடக்கம் அமையும். பின்வரும் எழுத்திலோ இலக்கத்திலோ ஒன்று பிறழ்ந்தாலும் பழி மற்றொரு வீட்டிற்குச் சென்றுவிடும்.

தொகையையும் சரிபார்த்துக்கொள்க. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தனியாகத் தண்டனை குறிக்கப்படாத குற்றங்களுக்கு 177ஆம் பிரிவில் முதன்முறை 500 ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. அதற்குமுன் முதன்முறை அபராதம் 100 ரூபாய் வரையே இருந்தது. உயர்த்தப்பட்ட தொகைகள் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

கேமராவின் வழியே வரும் சீட்டுகளுக்கும் ஒழுங்குமுறை உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167அ விதி, குற்றத்தையும் வண்டி எண்ணையும் தெளிவாகக் காட்டும் படத்தை அறிவிப்புடன் இணைக்கச் சொன்னது. நாள், நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிடவும், வழக்கு முடியும்வரை அப்பதிவைப் பாதுகாக்கவும் பணித்தது. கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகையும் வேண்டும் என்றது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள்முதல் 726 கேமராக்களின் துணையுடன் அபராதம் விதிக்கும் முறை வந்தது. செங்கோட்டை வழியே அங்கு சென்றுவருவோரும் இதனை மனத்திற்கொள்க. படம் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் தொழிலாளியின் வழக்கில் அவரைக் காப்பாற்றியதும் அப்படமே.

சான்றே துணை

சிலப்பதிகாரத்துக் கண்ணகியை நாம் அனைவரும் அறிவோம். பாண்டியன் அவையில் அவள் கண்ணீர் மட்டும் சிந்தி நின்றிருந்தால் நீதி பிறந்திராது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று சொல்லி, அதனை உடைத்துக் காட்டினாள். அரசனின் தீர்ப்பை வீழ்த்தியது அச்சான்றே. தீர விசாரியாமல் அளித்த கட்டளையின் விளைவை அக்காவியம் நமக்குக் காட்டுகிறது. சான்றின் வலிமையையும் அதே காட்சியில் காட்டுகிறது.

ஆதலின், சீட்டு வந்த அன்றே அவ்விடத்தைப் படம் எடுத்து வைத்தல் வேண்டும். பலகை எங்கே இருக்கிறது, சாலையில் கோடு உண்டா, வண்டி எவ்விடத்தில் நின்றது என்பவை படத்தில் தெரிய வேண்டும். நாள் கடந்தால் பலகை புதிதாக முளைத்துவிடலாம். மறைத்த கிளை வெட்டப்பட்டுவிடலாம். மருத்துவமனைச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, கட்டண நிறுத்தகத்தின் டோக்கன், பணியிட வருகைப் பதிவு ஆகிய எந்தத் துண்டுத்தாளையும் எறிந்துவிடலாகாது. அருகிலிருந்த கடைக்காரர் கண்டிருந்தால் அவர் பெயரையும் குறித்துக்கொள்க.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டியிருக்கிறது. ஒன்று, விற்றுவிட்ட வண்டியைப் பற்றியது. வண்டியை விற்றவர் 14 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. அதற்கான படிவம் 29ஆம் எண். "தெரிந்தவர்தானே, பெயரை மெதுவாக மாற்றிக்கொள்வார்" என்று விட்டுவிட்டால், அவர் வண்டியை நிறுத்துமிடமெல்லாம் நம் வீட்டிற்கே சீட்டு வரும். விபத்து நேர்ந்தால் பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மற்றொன்று, போலிச் செய்திகளைப் பற்றியது. அபராதம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதனைத் திறந்தவரின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் கூட்டங்கள் உலவுகின்றன. செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தை நாமே தேடித் திறந்து, அதன் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்த்து, அங்கு வண்டி எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

எங்கே முறையிடுவது?

சாலையிலேயே வாதாடுவது முதற்படி அன்று. "ஐயா, இந்தக் காரணத்தால் நிறுத்தினேன்" என்று அமைதியாகச் சொல்லலாம். ஏற்கவில்லையெனில், சீட்டை வாங்கிக்கொண்டு, பணம் செலுத்தாமல் வரலாம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் காவலரும் ஒரு குடும்பத்தின் தலைவரே. அவரை இழிவாகப் பேசுவதால் நம் நியாயம் பெருகாது. மேலும், சட்டப்படி இடும் கட்டளைக்கு வேண்டுமென்றே பணியாமல் தடைசெய்தால் 179ஆம் பிரிவின்கீழ் 2,000 ரூபாய் வரை தனி அபராதம் உண்டு. சிறிய வழக்கு பெரிதாவது இவ்வாறே. "சீட்டு வேண்டா, கையில் ஏதேனும் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்" என்னும் குறுக்குவழியோ இரு பக்கத்தாரையும் குற்றவாளியாக்குவது. நியாயம் நம் பக்கம் இருக்கையில் அதனைக் கையூட்டால் விற்பானேன்?

எண் பிறழ்ச்சி போன்ற வெளிப்படையான தவறுகளுக்குச் சீட்டு வழங்கிய அலுவலகத்தில் எழுத்து மூலமாக மனுக் கொடுப்பதே எளிய வழி. அபராதச் சீட்டுகளுக்கான அரசு இணையதளத்திலும் முறையிட இடம் உண்டு. சென்னையில் பதிவான தவறான சீட்டுக்காக இராஜபாளையத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யுமுன் இவ்வழிகளையே நாடுக. மனு சுருக்கமாக இருக்கட்டும். நான்கு வரியில் உண்மையும், இணைப்பாகச் சான்றுகளும் போதும். பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைத் தவறாமல் வாங்கி வைக்கவும்.

அங்கும் தீராவிடில் நீதிமன்றம் இருக்கிறது. மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையப் பக்கத்திற்கு வழக்குச் சென்றிருந்தால், அபராதம் செலுத்துவது, வழக்கை எதிர்த்து நடத்துவது என இரு தெரிவுகள் அங்கே தரப்படும். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்திற்கு மாறும். குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடம் எந்த நடுவரின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே விசாரணை நடக்கும். இராஜபாளையத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகராயினும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் அமைந்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே என்பதும் இப்பகுதியாருக்குத் தெரிந்ததே.

நீதிமன்றம் என்றதும் நம் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். இவ்வகை வழக்குகளில் நடைமுறை சுருக்கமானது. குற்றச்சாட்டைச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீரா?" என்று நடுவர் கேட்பார். "குற்றம் செய்யவில்லை" என்று கூறினால், குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சாரும். நாம் நேரிலோ வழக்குரைஞர் வழியாகவோ விடையளிக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வோர் நேரில் வராமல் அஞ்சல் வழியே ஒப்புக்கொண்டு தொகையைச் செலுத்தவும் 208ஆம் பிரிவு வழிசெய்கிறது. எதிர்த்து வாதாடுவோர் முன்வந்து நின்றாக வேண்டும். அழைப்பாணை கிடைத்தும் போகாமல் இருப்பது மட்டும் கூடவே கூடாது.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லை எனத் தயங்குவோருக்கு ஒரு நற்செய்தி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளர்களும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையத்தில் எத்தனை குடும்பங்கள் இதனை அறிந்திருக்கின்றன? 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழிகேட்கலாம். மக்கள் நீதிமன்றமும் ஒரு வழியே. ஆனால் அது சமரசத்திற்கான இடம். தொகையைக் குறைத்துக்கொண்டு முடித்துக்கொள்ள அது உதவும். அதன் முடிவின்மேல் மேல்முறையீடு இல்லை. "நான் குற்றம் செய்யவே இல்லை" என்று நிலைநாட்ட விரும்புவோர் இதனை உணர்ந்து தேர்ந்துகொள்க.

தனியார் வண்டி நிறுத்தகங்களில் கூடுதல் கட்டணம் பறிக்கப்பட்டால் அது வேறு வழக்கு. அங்கு நாம் நுகர்வோர். ரசீது பெற்றிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான முறையீடுகளுக்கு மனுக் கட்டணம் இல்லை என்பது 2020ஆம் ஆண்டின் விதி.

இத்தனை பாடு எதற்கு?

"ஐந்நூறு ரூபாய்க்காக இரண்டு நாள் சம்பளத்தை இழப்பதா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உத்தரப்பிரதேசத்து மதுராவில் துங்கநாத் சதுர்வேதி என்னும் வழக்குரைஞர் 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று மொராதாபாத்திற்கு இரண்டு இரயில் சீட்டுகள் வாங்கினார். எழுபது ரூபாய்க்குப் பதிலாகத் தொண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அந்த இருபது ரூபாய்க்காக அவர் நூறு தடவைக்கு மேல் விசாரணைக்குச் சென்றார். 2022ஆம் ஆண்டில் நுகர்வோர் ஆணையம், இருபது ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தரவும், 15,000 ரூபாய் செலுத்தவும் இரயில்வேக்குக் கட்டளையிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள்! அவர் தாமே வழக்குரைஞர் என்பதால் தாங்கிக்கொண்டார். எல்லாரும் அவ்வாறு செய்யவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நோயாளியைக் கவனிக்கும் வீட்டிலும், ஒருநாள் கூலியை இழக்கமுடியாத வீட்டிலும், "இவ்வளவோடு விடுவோம்" என்று முடிவெடுப்பதில் இழிவு ஏதுமில்லை.

ஆனால், விடுவதானாலும் அறிந்து விடுவது வேறு. அஞ்சி விடுவது வேறு. நான்கு வரி மனுவொன்று எழுத எந்தச் சம்பளமும் இழக்க வேண்டியதில்லை. ஒரு தபால் செலவில், அல்லது மகனோ மகளோ கைப்பேசியில் செலவிடும் கால்மணி நேரத்தில் அது முடிந்துவிடும். அந்த முதற்படியைக்கூட ஏறாமல் பணத்தைக் கட்டுவதே நாம் வருந்தும் பழக்கம். பத்துப் பேர் எழுதியிருந்தால் அந்தக் கேமராவின் பிழை என்றோ திருத்தப்பட்டிருக்கும். மறைந்திருக்கும் பலகை வெளிப்பட்டிருக்கும். நிறுத்த இடமில்லாத கடைவீதிக்கு நகராட்சி ஓர் இடத்தை வகுத்திருக்கும். நம் மௌனத்தின் விலையை அடுத்து வரும் ஏழையும் சேர்த்தே செலுத்துகிறான்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிற்கு ஒரு சீட்டு வருமானால், அன்றிரவு உணவிற்குப் பின் குடும்பமாக அமர்ந்து அதனைப் படியுங்கள். நாம் செய்ததா என்று முதலில் கேளுங்கள். செய்ததெனில், மறுநாளே கட்டுங்கள். செய்யாததெனில், பிள்ளைகளில் மூத்தவரிடம் தாளையும் பேனாவையும் கொடுத்து மனுவை எழுதச் சொல்லுங்கள். உண்மையை மரியாதையோடும் அச்சமின்றியும் சொல்லும் பயிற்சி அப்பிள்ளைக்கு உங்கள் வீட்டிலேயே கிடைத்துவிடும். அடுத்த திங்கள் சந்திப்போம்.